சுங்கம் வாங்கும் யந்திரம்

தேசீய நெடுஞ்சாலைகளில் சுங்கம் வசூலிப்பதைப் பற்றி 2025-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி முதல் ஒரு புது விதி அமுலுக்கு வந்தது. வண்டியின் முன்கண்ணாடியில் செல்லத்தக்க 'பாஸ்டேக்' சீட்டை ஒட்டியிருப்பவர் விதித்த கட்டணத்தை மட்டும் கொடுத்தால் போதும். சீட்டு இல்லாதவரும், சீட்டு இருந்தும் அது செல்லாமற் போனவரும், செல்போன் வழியாக யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்தினால் ஒன்றேகால் பங்கும், ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு பங்கும் கொடுக்க வேண்டும் என்று அவ்விதி கூறிற்று. அதாவது, 100 ரூபாய்ச் சுங்கமுள்ள சாவடியில் ஒருவருக்கு 100 ரூபாய், மற்றொருவருக்கு 125 ரூபாய், மூன்றாமவருக்கு 200 ரூபாய். மூவரும் போகும் சாலை ஒன்றே. அதிலுள்ள குழிகளும் மூவருக்கும் பொதுவே. இதற்குப் பின் 2026-ம் வருஷத் தொடக்கத்தில், சுங்கச் சாவடியில் ரொக்கத்துக்கு இனி இடமே இருக்கக் கூடாது என்பதுதான் தங்கள் நோக்கம் என்று சாலைப் போக்குவரத்து இலாகாவின் உயர்ந்த உத்தியோகஸ்தர்களே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இவ்விஷயத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தைத் தாமதமின்றி வெளியிடுவது கடமையாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறி விடுகிறோம். நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. பழைய முறையில் சுங்கச் சாவடி எப்படி இருந்தது என்பதை அறிந்தவர் எவரும் அது திரும்பி வர வேண்டுமென்று விரும்ப மாட்டார். தீபாவளிக்கு முந்தின நாள் இரவில் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டவர்கள் செங்கற்பட்டுக்கு அருகே பரனூரில் மணிக்கணக்காக நின்ற கதையைக் கேட்காத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. சில்லறை இல்லையென்று மிட்டாயைக் கையில் திணிப்பதும், அதற்காகச் சச்சரவு நடப்பதும், பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அலற விடுவதும் அன்றாடக் காட்சிகளாயிருந்தன. லாரிக்காரர்கள் வழிச் செலவுக்கென்று பெருந்தொகையை மடியில் கட்டிக்கொண்டு இரவில் பிரயாணம் செய்வதில் இருந்த அபாயமும் சிறிதல்ல.

2014-ம் வருஷத்தில் ஆமதாபாத்–பம்பாய் சாலையில் இந்தப் புதிய முறையைப் பரீட்சை பார்த்தார்கள். சீட்டுக்குள் பாட்டரி எதுவும் கிடையாது. சாவடியின் மேலே பொருத்திய கருவி அனுப்பும் வானொலி அலை சீட்டின் மீது பட்டதும், சீட்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லுகிறது. அந்த எண்ணுக்குரிய பாங்கிக் கணக்கிலிருந்து சுங்கம் கழிகிறது. குறுக்குக் கம்பம் மேலே எழும்புகிறது. 2021-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி நள்ளிரவிலிருந்து தேசீய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லா வழிகளும் பாஸ்டேக் வழிகளே என்று உத்தரவாயிற்று. ஒரு வண்டி சாவடியில் காத்து நிற்கும் நேரம் சராசரி 734 விநாடியிலிருந்து 47 விநாடியாகக் குறைந்து விட்டதென்று சர்க்கார் தெரிவித்திருக்கிறது. நூற்றுக்கு 98 வண்டிகள் இந்த முறையிலேயே சுங்கம் செலுத்துவதாகவும், எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் சீட்டு வாங்கியிருப்பதாகவும் சர்க்காரின் கணக்கு. இவை பெருமைப்படத் தக்க விஷயங்களே.

இன்னொரு நன்மையும் உண்டு. 2023-ம் வருஷத்தில் வெளியான மத்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2019–20-ம் ஆண்டில் சில மாதங்களில் பரனூர்ச் சாவடியைக் கடந்த வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை கட்டண விலக்குள்ள முக்கியஸ்தர்களுடையவை என்று கணக்கெழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டிற்று. செங்கற்பட்டுச் சாலையில் இரண்டு வண்டிக்கு ஒன்று மந்திரிமார்களையும் நீதிபதிகளையும் ஏற்றிச் சென்றது என்று எந்தச் சிறு குழந்தையும் நம்பாது. பணம் கைக்குக் கை மாறுகிற இடத்தில் கணக்கு என்ன பாடு படும் என்பதற்கு இது போதிய சாட்சி. யந்திரம் கணக்கை ஒழுங்காக வைக்குமானால் அதை நாம் வரவேற்கிறோம்.

அப்படியிருக்க, நமது ஆட்சேபம் எங்கே? யந்திரம் ஒரு பக்கத்தை மட்டுமே அளக்கிறது என்பதுதான் ஆட்சேபம். பிரயாணி கொடுக்க வேண்டியதை அது கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொள்கிறது. சர்க்காரும் குத்தகைதாரரும் பிரயாணிக்குச் செய்ய வேண்டியதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. வாங்குவதற்கு விநாடிக் கணக்கு. கொடுப்பதற்கு வருஷக் கணக்கு. இந்த ஏற்றத்தாழ்வைச் சரி செய்யாமல் ரொக்கத்தை ஒழிப்பது ஒன்றையே சீர்திருத்தமென்று கொண்டாடுவது நமக்குச் சம்மதமல்ல.

சுங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனம் சற்றுக் கசப்படைவதற்குச் சரித்திர காரணம் உண்டு. முதற் குலோத்துங்கனைச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று ஜனங்கள் போற்றினார்கள். எத்தனையோ யுத்தங்களில் வென்ற அரசனுக்கு இந்தப் பெயரே நிலைத்து நின்றதென்றால், வழியில் மறித்து வாங்கும் வரியை நம் முன்னோர் எவ்வளவு பாரமாக நினைத்திருக்க வேண்டும்! கம்பெனி ஆட்சியிலோ ஊருக்கு ஊர், ஆற்றுக்கு ஆறு சாவடிகள் பெருகின. வங்காளத்தில் உள்நாட்டுச் சுங்கங்களை ஆராய்ந்து 1834-ல் அறிக்கை எழுதிய சார்லஸ் டிரெவெல்யன் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர், சர்க்காருக்குக் கிடைக்கும் வரிப் பணத்தைக் காட்டிலும், சாவடிகளில் வியாபாரி அனுபவிக்கும் தாமதமும் தொல்லையும் லஞ்சமுமே நாட்டுக்குப் பெரிய நஷ்டம் என்பதை நிரூபித்துக் காட்டினார். அதன் பிறகு 1836-ல் வங்காளத்திலும், 1844-ல் நமது சென்னை மாகாணத்திலும் அந்தச் சுங்கங்கள் எடுபட்டன. (இதே டிரெவெல்யன் பிற்பாடு சென்னைக்கு கவர்னராக வந்து, வரி விஷயத்தில் மேலிடத்தோடு சண்டையிட்டு உத்தியோகத்தை இழந்தார், அது வேறு கதை.) அன்னிய சர்க்காரின் ஊழியர் ஒருவருக்கே அன்று புலப்பட்ட உண்மை, நம்முடைய சொந்த சர்க்காருக்குப் புலப்படாமல் இருக்கலாகாது.

இன்றைய சுங்கம் அன்றைய சுங்கத்தைப் போன்றதல்ல என்பதை ஒப்புக் கொள்கிறோம். இது சரக்கின் மீதுள்ள வரியன்று. சாலை போட்டதற்கும் அதைப் பராமரிப்பதற்கும் கூலி. நல்ல சாலை வேண்டுமானால் யாராவது பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூலி என்று சொன்ன மாத்திரத்தில் அது ஓர் ஒப்பந்தமாகி விடுகிறது. ஒப்பந்தத்துக்கு இரு பக்கம் உண்டு.

முதலில் ரொக்க விஷயத்தைப் பார்ப்போம். 1934-ம் வருஷத்து ரிஸர்வ் பாங்கிச் சட்டத்தின் 26-வது பிரிவு, ரிஸர்வ் பாங்கி வெளியிடும் நோட்டு இந்தியாவில் எந்த இடத்திலும் செல்லுபடியாகும் நாணயம் என்று கூறுகிறது. அந்த நோட்டைச் சர்க்காரின் சாலையில், சர்க்காரின் பெயரால் நிற்கும் சாவடியில் நீட்டினால், அதன் மதிப்பு பாதியாகி விடுகிறது! கள்ளச் சந்தையில் நாணயத்துக்கு வட்டம் பிடிப்பது குற்றம் என்கிறோம். சர்க்காரே வட்டம் பிடித்தால் அதற்கு என்ன பெயர்? யந்திர முறையில் செலவு குறைவதால் சீட்டு வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள்; அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சாவடியில் நிறுத்திப் பணம் எண்ணி வாங்குவதற்கு ஆகும் செலவை ரொக்கம் கொடுப்பவரிடம் கேளுங்கள்; அதுவும் ஒருவாறு நியாயமே. நூற்றுக்கு நூறு அதிகம் வாங்குவது செலவாக மாட்டாது. அது அபராதம். அபராதம் விதிக்கக் குற்றம் வேண்டும். பையில் நோட்டு வைத்திருப்பது எந்தச் சட்டத்தின்படி குற்றம்?

இந்த அபராதத்துக்கு ஆளாகிறவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். சொந்தக் காரில் போகும் வக்கீலுக்கும் வர்த்தகருக்கும் சீட்டு இருக்கிறது. அவர்களுடைய பாங்கிக் கணக்கில் பணமும் இருக்கிறது. அகப்பட்டுக் கொள்பவர், வாடகைக்கு எடுத்த 'குட்டி யானை' வண்டியில் வாழைத்தார் ஏற்றிக் கொண்டு போகிறவர். வண்டி ஒருவருடையது, சீட்டு அவர் பெயரில்; ஓட்டுகிறவர் வேறொருவர். முதலாளி கணக்கில் பணம் போட மறந்தால், நடு இரவில் சாவடியில் நின்று திட்டு வாங்குவதும், தம் படிக்காசிலிருந்து இரட்டைச் சுங்கம் கட்டுவதும் டிரைவரின் தலைவிதி. பகலில் போன் செய்தாலாவது முதலாளி எடுப்பார். இரவு இரண்டு மணிக்கு யார் எடுப்பார்?

சீட்டு செல்லாமற் போவதற்குப் பிரயாணியின் அஜாக்கிரதைதான் எப்பொழுதும் காரணம் என்று நினைத்து விடக் கூடாது. 2024-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி, பேடிஎம் பேமெண்ட்ஸ் பாங்கியின் மீது ரிஸர்வ் பாங்கி கடுமையான உத்தரவு பிறப்பித்தது. அதன் பயனாக அந்த பாங்கி கொடுத்திருந்த பாஸ்டேக் சீட்டுகளில் மார்ச் 15-ந் தேதிக்குப் பிறகு புதிதாகப் பணம் போட முடியாதென்று ஆயிற்று. பாங்கி விதிகளை மீறியதற்காக ரிஸர்வ் பாங்கி நடவடிக்கை எடுத்தது சரியே. ஆனால் அந்த பாங்கியைச் சுங்கம் வசூலிக்கத் தகுந்ததென்று அங்கீகரித்தது யார்? அதை நம்பிச் சீட்டு வாங்கிய லட்சக்கணக்கான வண்டிக்காரர்கள் பழைய சீட்டை முடித்து, புதுச் சீட்டு வாங்கி, புதுக் கணக்குத் தொடங்கி அலைந்தார்கள். ஒரு வண்டிக்கு ஒரே சீட்டு என்ற விதி வேறு. மாற்றத் தவறியவனுக்கு இரட்டைக் கட்டணம். தப்பு செய்தது பாங்கி; அபராதம் கட்டுவது லாரிக்காரன். ரொக்கம் என்ற மாற்று வழி நியாயமான விலையில் திறந்திருந்தால் இந்தச் சங்கடத்தில் பாதி ஏற்பட்டிராது.

யந்திரமே பழுதானால் என்ன செய்வது? இதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. 2018-ம் வருஷம் மே மாதம் வெளியான அறிவிப்பின்படி, செல்லத்தக்க சீட்டும் கணக்கில் போதிய பணமும் உள்ள வண்டியைச் சாவடியின் கருவி பழுதானதால் படிக்க முடியாவிட்டால், அவ்வண்டியைக் கட்டணமின்றி விட்டு விட வேண்டும். கட்டணம் பூஜ்யம் என்று காட்டும் ரசீதும் கட்டாயம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேர்மையான விதி! இதை அறிந்த வண்டிக்காரர் நூற்றுக்கு எத்தனை பேர்? சாவடிக்குச் சாவடி பெரிய பெரிய பலகைகளில் கட்டண விவரம் எழுதியிருக்கிறது. விலக்குப் பெற்ற கனவான்களின் பட்டியலும் எழுதியிருக்கிறது. இந்த விதியைத் தமிழில், டிரைவர் கண்ணுக்குத் தெரியும்படி, கருவிக்கு நேர் கீழே எழுதி வைத்தால் என்ன? பணம் கழிந்ததாக வரும் செய்திகளும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வருகின்றன. தன் பணம் எங்கே, எதற்காகப் போயிற்று என்பதைத் தன் பாஷையில் தெரிந்து கொள்ள ஒரு குடிமகனுக்கு உரிமை இல்லையா? சுதந்திரம் வந்து இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு எங்கோ ஒரு சாவடியில் சுங்கம் கழிந்ததாகச் செய்தி வரும் விந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாவடி ஊழியர் வண்டியின் எண்ணைக் கையால் பதிவு செய்யும்போது தவறினால் இப்படி நேரும். வேண்டுமென்றே செய்தாலும் நேரும். இவ்வகைத் தவறு ஒவ்வொன்றுக்கும் வசூல்காரருக்கு ஒரு லட்ச ரூபாய் அல்லது அதற்கு மேலும் அபராதம் என்று ஏற்பாடு செய்து, 250-க்கு மேற்பட்ட சம்பவங்களில் அபராதமும் விதித்திருப்பதாக நெடுஞ்சாலை ஆணையம் 2025-ல் அறிவித்தது. இது மெச்சத் தக்க காரியம். ஆனால் அதே அறிவிப்பில், மாதம் ஒன்றுக்குச் சுமார் 30 கோடித் தடவை சுங்கம் கழிவதில், மெய்யான புகார்கள் ஐம்பது மட்டுமே வருகின்றன என்றும் கண்டிருந்தது. இந்த ஐம்பது என்ற எண்ணைக் கண்டு சர்க்கார் பூரித்துப் போகலாம். நமக்கோ சந்தேகமே உண்டாகிறது. எண்பது ரூபாய்க்காக மின்னஞ்சல் எழுதி, பாங்கிக்குப் போன் செய்து, அரை மணி நேரம் சங்கீதம் கேட்டுக் காத்திருக்க எத்தனை பேருக்குப் பொறுமை உண்டு? புகார் வராதது தவறு நடக்காததற்கு ருசுவாகாது. மேலும், ஒரு லட்ச ரூபாய் அபராதம் சர்க்கார் பொக்கிஷத்துக்குப் போகிறது. அலைந்து திரிந்த மனிதனுக்குக் கிடைப்பது அவனுடைய எண்பது ரூபாய்தான். சீட்டில்லாத பிரயாணியிடம் இரண்டு பங்கு வாங்குகிற நியாயம் எதுவோ, தவறாகக் கழித்த சுங்கத்துக்கு இரண்டு பங்கு திருப்பிக் கொடுப்பதற்கும் அதே நியாயம் பொருந்தும். இவ்வளவு சாமர்த்தியமுள்ள யந்திரத்துக்கு அதைத் தானாகவே செய்ய ஒரு கணம் போதும்.

இனி, நமது மனத்தை மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். 2021-ம் வருஷம் மே மாதத்தில் நெடுஞ்சாலை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. எவ்வளவு நெருக்கடியான வேளையிலும் ஒரு வண்டிக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் மஞ்சள் கோடு ஒன்று போட வேண்டும். வண்டிகளின் வரிசை அந்தக் கோட்டைத் தாண்டினால், வரிசை குறையும் வரையில் கட்டணமின்றி விட்டு விட வேண்டும். ஒப்பந்தத்தின் மறு பக்கத்தைச் சர்க்கார் தானாகவே ஒப்புக் கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. மஞ்சள் கோடு என்பது ஏழைப் பிரயாணியும் வக்கீல் வைக்காமல் காட்டக் கூடிய அத்தாட்சி. வரிசை கோட்டைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். அந்த உத்தரவு என்னவாயிற்று? 2024-ல் அதை எடுத்து விட்டார்கள். வரிசையின் நீளத்தை நவீனக் கருவிகளால் கண்காணிக்கப் போவதாகச் சமாதானம் சொன்னார்கள். கண்காணித்துக் கொண்டேயிருப்பதால் காத்து நிற்பவனுக்கு என்ன லாபம்? பிரயாணிக்கு ஏற்பட்ட அபராதங்கள் வருஷத்துக்கு வருஷம் கூர்மையாகின்றன. வசூல்காரருக்கு ஏற்பட்ட ஒரே கண்டிப்பு மூன்று வருஷத்தில் மாயமாகி விட்டது.

சாலையின் நிலைமையிலும் இதே கதைதான். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை துறைமுகத்துச் சரக்குக்கும் உப்பளத்து உப்புக்கும் உயிர்நாடி. அந்தச் சாலை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்ற வழக்கில், எலியார்பத்தி, புதூர் பாண்டியாபுரம் ஆகிய இரண்டு சாவடிகளிலும் சுங்கம் வசூலிக்கக் கூடாதென்று சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் உத்தரவிட்டது. அந்த மாதத்திலேயே சுப்ரீம் கோர்ட்டில் அதற்குத் தடை வாங்கி விட்டார்கள். சாலையைச் சரி செய்வதில் காட்டாத வேகத்தைத் தடை வாங்குவதில் காட்டினார்கள் என்று சொல்லாமலிருக்க முடியவில்லை.

மலையாள தேசத்தில் திருச்சூருக்கு அருகேயுள்ள பாலியேக்கரை விஷயம் வேறு விதமாக முடிந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து எர்ணாகுளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் நம்மவர்களின் லாரிகளும் கடக்கும் சாவடி அது. இடைப்பள்ளி–மண்ணுத்திச் சாலையில் மேம்பால வேலைகளால் பயங்கர நெரிசல் ஏற்பட்டு, சாலையும் சீர்குலைந்திருந்ததால், கேரள ஹைக்கோர்ட்டு 2025 ஆகஸ்டில் சுங்க வசூலை நிறுத்தி வைத்தது. ஆணையம் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடிற்று. 65 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகுமானால் அதற்கு ஒருவர் ஏன் 150 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பிரதம நீதிபதி கவாய் கேட்டார். ஆணையத்தின் மனுவைத் தள்ளிய தீர்ப்பில், சாலைக்கென்று ஏற்கெனவே வரி செலுத்தியிருக்கும் பிரஜைகள் குண்டுங்குழியுமான பாதையில் தடுமாறுவதற்கு மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற கருத்தைச் சுப்ரீம் கோர்ட்டு வெளியிட்டது. அவ்வருஷம் அக்டோபரில்தான் மீண்டும் வசூலுக்கு அனுமதி கிடைத்தது. நியாயம் கிடைத்தது உண்மையே. ஆனால் ஒரு குழியை மூடச் சொல்வதற்கு நாட்டின் மிகப் பெரிய நியாயஸ்தலம் வரையில் போக வேண்டியிருக்கிறது. ஒரு வண்டியின் கணக்கிலிருந்து பணம் எடுக்கவோ ஒரு விநாடி போதும்.

சுங்கம் கொடுக்காதவர்களை நடத்தும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. தென் ஜில்லாக்களிலுள்ள கப்பலூர், எட்டூர் வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளில் அரசாங்கப் போக்குவரத்துக் கழகங்கள் பாக்கி வைத்திருந்த தொகை 276 கோடி ரூபாய் என்பது 2025 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டில் வெளியாயிற்று. அரசாங்க பஸ்ஸுக்கு வருஷக் கணக்கில் கடன். காய்கறி வண்டிக்கு அதே இடத்தில் இரட்டிப்பு. பஸ் பிரயாணிகளை நடுவழியில் இறக்கி விட வேண்டுமென்று நாம் கூறவில்லை. கடன் சொல்லும் பாக்கியம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்றே இதைக் குறிப்பிட்டோம்.

2025-ம் வருஷம் ஆகஸ்டு 15 முதல் வருஷச் சீட்டு கொடுக்கிறார்கள்; தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாயாக இருந்தது. ஒரு வருஷம் அல்லது 200 தடவை வரையில் அது செல்லும். சொந்தக் கார், ஜீப், வேன் வைத்திருப்போருக்கு இது பெரிய சகாயம். வாடகைக் காருக்கும் சரக்கு வண்டிக்கும் அது கிடையாது. சாலையில் பிழைப்பவனுக்கு முழுக் கட்டணம். உல்லாசமாகப் போகிறவனுக்குச் சலுகை என்பது என்ன கணக்கோ நமக்கு விளங்கவில்லை.

அடுத்தபடியாகச் சாவடியே இல்லாத காலம் வரப் போகிறது என்கிறார்கள். குறுக்குக் கம்பம் இராது. வண்டிகள் வேகம் குறையாமலே போகும். மேலேயிருக்கும் காமிராவும் கருவியும் எண்ணையும் சீட்டையும் படித்துக் கொள்ளும். குஜராத்தில் சோர்யாசி சாவடியில் இதை ஏற்படுத்த 2025 ஆகஸ்டில் ஒரு பாங்கியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில், வானத்திலுள்ள செயற்கைத் துணைக்கோள்களைக் கொண்டு வண்டி போன தூரத்தை அளந்து சுங்கம் வாங்குவதற்கும், அம்முறையில் தினம் முதல் 20 கிலோமீட்டருக்குக் கட்டணமில்லை என்பதற்கும் விதி செய்தார்கள். தூரத்துக்குத் தக்க கூலி என்பது நியாயமான தத்துவம். இன்று திருமங்கலத்தை அடுத்த ஊர்க்காரர் ஒருவர் பத்து மைல் போவதற்கும் கப்பலூரில் முழுச் சுங்கம் என்பதனால்தானே அங்கே வருஷக் கணக்கில் கிளர்ச்சி நடந்தது! ஒரே சாலையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டு சாவடி கூடாதென்று 2008-ம் வருஷத்து விதிகள் பொதுவாகக் கூறுகின்றன. அப்படிப்பட்ட சாவடிகளை மூன்று மாதத்துக்குள் மூடி விடுவதாக மந்திரி ஸ்ரீ நிதின் கட்காரி 2022 மார்ச்சு மாதத்தில் லோக சபையில் வாக்களித்தார். அந்த மூன்று மாதம் எந்தப் பஞ்சாங்கப்படி என்று தென் ஜில்லாக்காரர்கள் இன்றும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

கம்பம் மறைவது சௌகரியமே. ஆனால் கம்பத்தோடு சேர்ந்து மற்றொன்றும் மறைகிறது. கையிலிருந்து பணம் எண்ணிக் கொடுக்கிறவன் ஒவ்வொரு தடவையும், 'இதற்கு என்ன கிடைத்தது?' என்று கேட்கிறான். சண்டை போடவாவது அங்கே ஒரு மனிதன் இருக்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் கழிகிற பணத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. 2024–25-ம் ஆண்டில் தேசீய நெடுஞ்சாலைகளில் வசூலான சுங்கம் 60,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. இவ்வளவு பெருந்தொகை ஓசையின்றி வசூலாகும்போது, அதன் கணக்கு ஓசையோடு வெளிவர வேண்டும். ஒவ்வொரு சாலைக்கும் ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, இன்னும் எத்தனை வருஷம் வாங்குவார்கள் என்பதைச் சாவடியிலேயே, மாதந்தோறும், அந்தந்த ஜில்லாவின் பாஷையில் விளம்பரம் செய்ய வேண்டும். ஒரு நாளில் எத்தனை வண்டி கடந்தது என்பதை யந்திரம் அறியும். ஆகையால் இது முடியாதென்று எந்த உத்தியோகஸ்தரும் சொல்ல முடியாது.

பார்லிமெண்டில் நமது மாகாணத்து அங்கத்தினர்கள் கட்சி வேற்றுமையின்றி இதைக் கேட்க வேண்டும். ரொக்கம் கொடுக்கும் வழி ஒவ்வொரு சாவடியிலும் ஒன்றாவது நியாயமான கட்டணத்தில் இருக்க வேண்டும். யந்திரத்தின் பிழைக்கு யந்திரத்தை வைத்திருப்பவரே பொறுப்பாளி என்று விதியில் எழுத வேண்டும். இவற்றுக்கு முன்னதாக, சட்டத் திருத்தமோ புது இலாகாவோ இன்றி நாளைக் காலையிலேயே செய்யக் கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2024-ல் எடுத்து விட்ட உத்தரவை மறுபடியும் பிறப்பித்து, பரனூரிலிருந்து நாங்குநேரி வரையில் ஒவ்வொரு சாவடிக்கும் 100 மீட்டர் முன்னால் அந்த மஞ்சள் கோட்டைப் போடலாம். அதற்கு வேண்டியது ஒரு டப்பா வர்ணமும் ஒரு தூரிகையுமே.